கப்பலில் ஏறுமுன் கரையில் முடிக்க வேண்டியவை

மலையடிவாரத்தில் வாழும் நம்மவர்க்குக் கப்பல் என்பது நெடுங்காலமாகப் பிழைப்புத் தேடிப் போகும் வழியாகவே இருந்து வந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ‘ரஜூலா’, 1972-க்குப் பின் அதே தடத்தில் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’, இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1984 வரை நடந்த கப்பல் போக்குவரத்து ஆகியவற்றில் விடுமுறை கழிக்கவென்று ஏறியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? தகரப் பெட்டியும் பாயுமாக ஏறிய அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று, “கப்பலில் ஐந்து நாள் போய் வரலாமா?” என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கியுள்ளனர்.

2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கிற்று. மறு ஆண்டு ஜூனில் அங்கிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் கப்பல் சென்றது. அந்த ஜூலையில், ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாகுமுன், நாங்களும் சென்று வந்தோம். கணவன் மனைவியாகிய நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், எங்கள் தாயார் ஆக ஐவர். பொட்டிபுரத்திலிருந்து எப்பக்கம் புறப்பட்டாலும் கடலைக் காண ஏறத்தாழ ஒரு பகற்பொழுது ஆகும். ஆதலால் ஊரில் எங்கள் பயணம் ஒரு புதினமாகிவிட்டது. ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தால், “எவ்வளவு ஆயிற்று? வாந்தி வருமா? சோறு கிடைக்குமா?” என்று கேளாதவர் இல்லை. வெள்ளிவிழா மணமக்கள் சிலரும், பணி ஓய்வு பெறவிருக்கும் ஆசிரியர் சிலரும் உண்மையாகவே போக எண்ணியிருப்பதாகக் கூறினர். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னவற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

கப்பலின் இயல்பு ஒன்றை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். போடிமெட்டுக்கு ஏறும் பேருந்தில், 17 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் எவருக்கேனும் குமட்டல் எடுத்தால், “அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். இரயிலில் மாத்திரையை மறந்து வந்தால் அடுத்த பெரிய நிலையத்தில் வாங்கலாம். உறவினர் வீட்டில் பணம் குறைந்தால் கேட்டு வாங்கலாம். கப்பலோ கயிறு அவிழ்ந்த நொடியிலிருந்து எவருக்காகவும் நிற்பதில்லை. கரையில் பத்து நிமிட வேலையாக இருந்தது கடலில் இரண்டு நாள் தொல்லையாகிவிடும். ஆகவே ஆயத்தம் என்பது பெட்டி கட்டுவதற்கு வெகு முன்னரே, பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுமுன்பே தொடங்க வேண்டியது.

எங்கள் வீட்டில் அது ஒரு விவாதமாகத்தான் தொடங்கிற்று. எங்கள் தாயார் இலங்கை மலையகத்தில், அட்டனை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. 1974-இல், பதினெட்டு வயதில், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, பின் எங்கள் ஏலமலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர். “இலங்கைக்குக் கப்பல்” என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி, “அட்டனுக்குப் போகுமா?” என்பதே.

விளம்பரத் தாளில் துறைமுகப் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கும். கப்பல் அங்கே நிற்கும் மணிக்கணக்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதைத் தேடிப் பார்த்தோம். பகற்பொழுதில் சில மணி நேரமே ஒவ்வொரு துறையிலும் நிறுத்தம். திருகோணமலையிலிருந்து அட்டனுக்கு மலைப்பாதையில் ஏறிச் சென்று சேரவே அந்த நேரமெல்லாம் போய்விடும், திரும்புவது எங்ஙனம்? ஏஜெண்டு ஒருவர், “வண்டி பிடித்தால் போய்விடலாம், அம்மா” என்று தாயாரிடம் எளிதாகச் சொல்லிவிட்டார். நாங்கள் தேசப்படத்தை விரித்து வைத்துத் தாயாருக்குக் காட்டினோம். பிறந்த தோட்டத்தைப் பார்க்க வேண்டுமாயின் விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து இரயிலில் மலைக்கு ஏறுவதே வழி என்றும், இந்தக் கப்பலில் கரையோரத்தை மட்டுமே காணலாம் என்றும், எது வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும் என்றும் கூறினோம். இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், “தோட்டத்துல இப்ப யாரு இருக்கா? அந்த மண்ணுல ஒரு தடவ கால வச்சா போதும். கப்பல்லயே போவோம்” என்றார். முதியோரை அழைத்துச் செல்ல விரும்புவோர் இந்தப் பேச்சைக் கரையிலேயே பேசி முடித்துவிடுதல் நலம். நடுக்கடலில் வைத்து, ‘நாம் நினைத்த இடத்துக்கு இது போகாது’ என்று ஒரு மூதாட்டியிடம் சொல்வதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது பருவம். தென்மேற்குப் பருவமழை எங்கள் மலையின் மேற்குப் புறத்தில், மூணாறு, தேவிகுளம் பக்கம் கொட்டும்போது, கிழக்கே போடியில் சாரலும் காற்றுமாகவே நின்றுவிடுவதை நாம் அறிவோம். அந்த மாதங்களில் மும்பைப் பக்கத்துக் கடல் கொந்தளிப்பதால்தான் உல்லாசக் கப்பல் கிழக்குக் கரைக்கு வருகிறது. சென்னைக் கடல் அப்போது ஓரளவு அமைதியாகவே இருக்கும். ஆனால் கப்பல் இலங்கையைச் சுற்றி அதன் தென்கரைக்கு, அதாவது அம்பாந்தோட்டைப் பக்கம் சென்றதும், மலை மறைப்பு இன்றி அதே தென்மேற்குக் காற்று நேரே வந்து தாக்கும். எங்களுக்கும் தலைசுற்றல் கண்டது அந்த இரவில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயற்காலம். புயலென்றால் கப்பல் வழியை மாற்றும். சில துறைகளை விட்டுவிடும். அதற்கு ஈடு கிடைக்குமா என்பதைச் சீட்டின் நிபந்தனைகளில் முன்னதாகவே படித்துக்கொள்ளுங்கள்.

அறையைத் தேர்வதிலும் இந்த ஆட்டத்தை நினைவிற் கொள்ள வேண்டும். ஊஞ்சற் பலகையின் நுனியில் அமர்ந்தவனுக்கே ஆட்டம் அதிகம். கப்பலின் முன்னும் பின்னும் மேலும் உள்ள அறைகள் அந்த நுனியைப் போன்றவை. நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறைகளே அதிகம் அசையாதவை. பெரும்பாலும் விலையும் குறைவு. சன்னல் இல்லாத உள்ளறையில் தூங்கலாமேயன்றிப் பகலில் இருக்க மனம் வராது. எனினும் பகலில் அறையில் இருப்பவர் யார்? நால்வர் அறை என்றால் இரண்டு கட்டில்கள் சுவரிலிருந்து மடித்து இறக்கப்படும் மேற்கட்டில்களாக இருக்கக் கூடும். முதியவருக்குக் கீழ்க்கட்டில் உண்டா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பத்திரங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏனெனில் நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெயர்க் குழப்பம் சற்று அதிகம். திருமுழுக்கில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் அழைப்பது வேறொரு பெயர். ‘மரிய அந்தோணி’ ஒன்றில் சேர்த்தும் மற்றொன்றில் பிரித்தும் இருக்கும். கடவுச்சீட்டில் முன்னெழுத்து ஏற்கப்படாது. தந்தை பெயரை முழுமையாக விரித்து எழுதியிருப்பர். பயணச்சீட்டில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்துப் பெயர் இருக்க வேண்டும். அயல்நாட்டுத் துறைக்குச் செல்லும் கப்பலாயின், பயணம் முடிந்தபின்னும் ஆறு மாதமாவது செல்லத்தக்க கடவுச்சீட்டு வைத்திருப்பதே பாதுகாப்பு. விசா விதிகள் அவ்வப்போது மாறுவன. சென்ற ஆண்டு போய் வந்தவர் சொல்லை நம்பாமல், பயண நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். கர்ப்பிணிகளை ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை; அதற்கு முன்பும் மருத்துவர் சான்று கேட்பர். கைக்குழந்தைக்கும் குறைந்த வயது வரம்பு உண்டு.

சென்னை போய்ச் சேருவது இப்போது எளிதாகியுள்ளது. 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட எங்கள் மீட்டர் பாதை இரயில், அகலப் பாதையாகி 2023 ஜூன் 15 அன்று போடிநாயக்கனூருக்குத் திரும்பி வந்தது. சென்னை சென்ட்ரலுக்கு நேர் வண்டியும் கிடைத்தது. அது வாரத்தில் மூன்று நாள் மட்டுமே. இரவு வண்டியில் ஏறி, காலையில் இறங்கி, அன்று மாலையே கப்பல் ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வண்டி நான்கு மணி நேரம் தாமதித்தால் கப்பல் காத்திராது. துறைமுகத்தில் பதிவும் சோதனையும் கப்பல் புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே மூடப்பட்டுவிடும். நாங்கள் ஒரு நாள் முன்னதாகவே சென்று, உறவினர் வீட்டில் தங்கி, நன்றாகத் தூங்கி எழுந்தே போனோம். முதியவருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஓர் இரவுத் தூக்கம் மிகவும் பயன்பட்டது.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிச் சீட்டுக் கட்டி அனுப்பிவிடுவர். அவை நம் அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். கடவுச்சீட்டு, கண்ணாடி, மாற்றுடை ஒன்று, முக்கியமாக மருந்துகள், இவை கைப்பையில் இருத்தல் வேண்டும். எங்கள் தாயாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. அவருடைய மாத்திரைகளும் இன்சுலினும் ஒரு சிறு பனிப்பையில் எங்கள் கையிலேயே இருந்தன. எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மையாரின் ஊசி பெரிய பெட்டியோடு போய்விட்டது. இரவு உணவு நேரம் வந்தும் பெட்டி வரவில்லை; அவருடைய மகன் தளத்துக்குத் தளம் ஓடிக்கொண்டிருந்தார். மருந்து எத்தனை நாளுக்கு வேண்டுமோ அதற்கு மேல் நான்கு நாளுக்குச் சேர்த்து வையுங்கள். மருத்துவர் சீட்டில் மருந்தின் வணிகப் பெயரோடு உட்பொருளின் பெயரும் இருக்கட்டும். கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் அவருக்குக் கட்டணம் உண்டு, அது நம் ஊர்க் கட்டணமாக இராது. கப்பலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டு சேர்க்கும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீட்டை எடுத்துக்கொள்வது வீண் செலவாகாது.

கொண்டுபோகக் கூடாதவை சில உண்டு. அவற்றைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்களுக்குக் கோபம் வரும். வெந்நீர் போடும் கம்பிச்சுருள், மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி, நீட்டிப்பு வயர், ஊதுவத்தி, சாம்பிராணி, மெழுகுவர்த்தி ஆகியவை சோதனையிலேயே எடுத்து வைக்கப்படும். “அறையில் ஒரு மெழுகுதிரி ஏற்றிச் செபம் சொன்னால் என்ன?” என்று எங்கள் உறவினர் ஒருவர் கேட்டார். கப்பலில் தீ என்பது கடலைக் காட்டிலும் கொடியது. தீயணைப்பு வண்டி வராது, வெளியே ஓடவும் இடமில்லை. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குத் திரும்பிய ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்கப்பல் அதன்பின் பயணிகளை ஏற்றவேயில்லை. செபமாலை சொல்ல மெழுகுதிரி தேவையில்லை. புளியோதரையும் இட்லியும் கட்டிக்கொண்டு போகவும் பெரும்பாலும் விடுவதில்லை. கடைப் பொட்டலமாக மூடியுள்ள முறுக்கு, ஊறுகாய் போன்றவற்றைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சோறு கிடைக்குமா என்ற கேள்விக்கு விடை: கிடைக்கும், சாம்பாரும் கிடைக்கும், ஆனால் அது நம் சாம்பாரன்று.

ஏலமலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டரை அப்படியே எடுத்து வையுங்கள். கோடையில் எதற்கு என்று எண்ணாதீர்கள். கப்பலின் உள்ளே குளிர்சாதனம், மேல்தளத்தில் இரவுக் காற்று. வழுக்காத செருப்பு, நீராடும் குளத்துக்கு உரிய உடை (பருத்தி உடையோடு இறங்க விடமாட்டார்கள்), பெண்களுக்குச் சேலையோடு ஓரிரு சுடிதார், இவை போதும். தங்க நகைகளைப் பூட்டி வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

குமட்டலைப் பற்றி மலைவாசிகளுக்கு நாம் புதிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை. ஜீப்பில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகும் அதே மக்கள்தாமே! எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பேருந்தில் வளைவு முடிந்தால் குமட்டல் நிற்கும். கடலில் வளைவு முடிவதில்லை. ‘அவோமின்’ போன்ற மாத்திரையைக் குமட்டல் வந்தபின் விழுங்கினால் பயனில்லை, வெளியே வந்துவிடும். ஆட்டம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும். முதியோரும், பிற மருந்து உண்பவரும், கர்ப்பிணிகளும், சிறு குழந்தைகளின் பெற்றோரும் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, முட்ட உண்டதும் ஆகாது. சுக்கு, இஞ்சி மிட்டாய் சிலருக்கு உதவுகின்றன. அறைக்குள் படுத்துக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதே கேடு. மேல்தளத்துக்கு வந்து, அசையாத அடிவானத்தைப் பார்த்து நில்லுங்கள். உள்காது ‘ஆடுகிறது’ என்கிறது, கண்ணோ அறைச் சுவரைப் பார்த்து ‘ஆடவில்லை’ என்கிறது. இந்த வழக்கே குமட்டல். அடிவானத்தைக் காட்டினால் கண்ணும் காதோடு உடன்பட்டுவிடும்.

இனிச் சொல்லப் போவதைத் தயவு செய்து ஊன்றிப் படியுங்கள். கம்பம், கூடலூர் வழியாக நாம் அடிக்கடி சென்று வரும் தேக்கடியில், 2009 செப்டம்பர் 30 அன்று மாலை ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குப் படகு ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் மாண்டனர். யானையும் மானும் பார்க்கச் சென்ற உல்லாசப் பயணிகள், அமைதியான ஏரி, கண்ணுக்கெட்டும் தொலைவில் கரை. அதன் பிறகே நம் பக்கத்தில் பலருக்கு, படகில் ஏறியதும் மிதவைச் சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் உண்டாயிற்று. அதற்கு முன்னர் அதை அணிந்தவனைப் பார்த்துச் சிரித்தவர் உண்டு.

பெருங்கப்பலிலும் இதே கதைதான். 2012 சனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் உயிரிழந்தனர். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. மறுநாள் நடத்துவதாக இருந்தது. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய பன்னாட்டு விதி. அந்த விபத்துக்குப் பின் விதி மாற்றப்பட்டு, 2015 முதல் கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்றாயிற்று. இவ்வளவு உயிரைக் கொடுத்து வாங்கிய அரைமணி நேரத்தை நம்மவர் எப்படிப் போற்றுகின்றனர்? எங்கள் பயணத்தில், கூடுமிடத்தில் பெயர் அழைத்துக்கொண்டிருக்கையில், ஒரு கூட்டம் தற்படம் எடுத்துக்கொண்டிருந்தது. மற்றொரு கூட்டம் சிற்றுண்டி ஆறிவிடும் என்று அவசரப்பட்டது.

நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறோம். ஏழோ அதற்கு மேலோ குறும் ஒலிகளும் அடுத்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது ஆபத்து அறிவிப்பு. அதைப் பிள்ளைகளுக்கு வாயால் ஊதிக் காட்டினோம். அன்று முழுதும் அவர்கள் ஊதிக்கொண்டே இருந்தனர், அது வேறு. அறைக் கதவின் பின்புறம் உள்ள படத்தைப் பார்த்து, நாங்கள் கூட வேண்டிய இடத்துக்கு நடந்தே போனோம். ஆபத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. விளக்கு அணைந்தாலும் வழி தெரியும்படி, அறையிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று இளையவள் எண்ணினாள், ஒன்பது. அவள் அளவுக்குரிய சிறு மிதவைச் சட்டையைப் பணியாளரிடம் கேட்டு வாங்கிக் கட்டிலடியில் வைத்தோம். பெரியவர் சட்டை குழந்தைக்கு ஆகாது, தலைவழியே கழன்றுவிடும்.

தாயாருக்கு முழங்கால் வலி. மூன்று தளம் ஏறி முடிக்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. இருமுறை நின்று மூச்சு வாங்கினார். அங்கே, படிக்கட்டின் நடுவில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சொன்னார்: “ஏதாச்சும் ஒண்ணுன்னா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஓடுங்கப்பா. எனக்காக நிக்காதீங்க.” பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்தனர். இதற்கு ஆறுதல் மொழி போதாது என்று எங்களுக்குப் பட்டது. அங்கேயே ஏற்பாடு செய்தோம். எங்களுள் ஒருவர் இளையவளோடு. மற்றவரும் பதினாறு வயது மகனும் அப்பத்தாவின் இருபுறம். ஒருவரையொருவர் தேடிக்கொண்டு அறைக்குத் திரும்புவது கிடையாது. எங்கிருந்தாலும் நேரே கூடுமிடம். நடக்க இயலாதவர் இருப்பதைக் கப்பல் அலுவலகத்தில் பதிந்து வைத்தால், அத்தகையோருக்கு உதவப் பணியாளரை அமர்த்துவர், அதையும் பதிந்தோம். தாயார் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “காட்டுல யானை வந்தா எந்தப் பக்கம் ஓடணும்னு வேலைக்குச் சேந்த மொத நாளே கங்காணி காட்டிக் குடுப்பாரு. இதுவும் அது மாதிரிதான்” என்றார். அதன்பின் நாள்தோறும் மாலைச் செபமாலை முடிந்ததும், எவரும் சொல்லாமலே, பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு அந்தப் படிகளில் ஒருமுறை ஏறி இறங்கினார். மூன்றாம் நாள் நிற்காமல் ஏறினார்.

செலவுக்கு வருவோம். ‘எல்லாம் அடங்கியது’ என்று விற்பவர் சொல்லுவார். அறையும், பொது உணவகத்துச் சாப்பாடும், மேடை நிகழ்ச்சிகளும் அடங்கியவை. கரையில் சுற்றிக் காட்டும் வண்டி, இணைய இணைப்பு, பணியாளர் சேவைக் கட்டணம், சில தனி உணவகங்கள், குளிர்பானங்கள் சில, போட்டோக்காரர் எடுத்துத் தரும் படங்கள், மதுபானம் ஆகியவை பெரும்பாலும் அடங்காதவை. கையில் பணம் புழங்காது. ஓர் அட்டையை நீட்டினால் கணக்கில் ஏறும். கண்ணுக்குத் தெரியாமல் செலவாகும் பணம் வேகமாகச் செலவாகும். பிள்ளைகளின் அட்டையில் செலவு வசதியை நிறுத்தி வைக்கச் சொல்லலாம். நாங்கள் அவ்வாறே செய்தோம். கணக்கை நாள்தோறும் கேட்டுப் பார்க்கவும் செய்தோம். நடுக்கடலில் சூதாட்ட அறை திறக்கும். அதன் வண்ண விளக்குகள் உணவகத்துக்குப் போகும் வழியிலேயே இருக்கும். சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் வந்தவர்கள் நாங்கள். எங்கள் கருத்தைக் கேட்டால், அந்த வழியை விட்டு வேறு படிக்கட்டில் போகலாம்.

கைப்பேசியைக் கப்பல் கரை விட்டதும் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். கடலில் அது தானாகவே செயற்கைக்கோள் வழி இயங்கும் கப்பல் வலையைப் பற்றிக்கொள்ளும். வீடு திரும்பியபின் வரும் கட்டணச் சீட்டைக் கண்டு திகைப்பீர்கள். ஊரில் இருப்பவரிடம், ‘இத்தனை நாள் பேச முடியாது, கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லி, கப்பலின் பெயரையும் அவசரத் தொடர்பு எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

ஆயிரக்கணக்கானோர் ஒரே கரண்டியைப் பிடித்துப் பரிமாறிக்கொள்ளும் இடம் கப்பலின் உணவகம். ஒருவரின் வயிற்றுப்போக்கு இரண்டே நாளில் தளம் முழுதும் பரவிவிடும். 2020 பிப்ரவரியில் யோக்கோகாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட ‘டைமண்ட் பிரின்செஸ்’ கப்பலில் 700-க்கு மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியதை அறிவோம். உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். கிருமிநாசினித் துளி அதற்கு ஈடாகாது. நமக்குப் பரிமாறும் இளைஞர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று கேட்டுப் பார்த்ததுண்டா? கடற்பணியாளருக்கு ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று பன்னாட்டு விதி இருக்கிறது. ஏனைய 14 மணி நேரத்தை நீங்களே கணக்கிடலாம். எங்கள் தாயார் தம் தட்டைத் தாமே எடுத்துக்கொண்டு எழுவார். அந்தப் பையன் பதறிப்போய் வாங்கிக்கொள்வான்.

கரையில் இறங்கும் நாளில் கப்பலின் நேரத்தைக் கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்கும் நமக்கும் நேரம் ஒன்றே. வேறு நாடுகளில் குழப்பம் வரும். ‘அனைவரும் ஏறிவிட வேண்டிய நேரம்’ என்பது புறப்படும் நேரத்துக்கு முன்னதாகவே இருக்கும். தனியாக வண்டி பிடித்துப் போய்த் தாமதித்தால் கப்பல் போயிருக்கும். அடுத்த துறைக்குச் சொந்தச் செலவில் ஓட வேண்டியதுதான். சில துறைகளில் பெருங்கப்பல் கரையணையாமல் ஆழத்தில் நிற்கும். பயணிகளைச் சிறு படகில் இறக்குவர். ஆடும் படகுக்கும் ஆடும் படிக்கும் இடையே காலெடுத்து வைக்க முதியோரால் ஆகுமா என்பதை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

திருகோணமலையில் தாயாருடன் நாங்கள் தொலைவு போகவில்லை. கடற்கரைச் சாலையில் ஒரு வேப்பமர நிழலில் அமர்ந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் காலை வைத்துக்கொண்டார். இளநீர் விற்றவரிடம், “நாங்க அட்டன் பக்கம், தம்பி” என்றார். ஐம்பது ஆண்டு பொட்டிபுரத்தில் வாழ்ந்தவர், “நாங்க போடி” என்று சொல்லவில்லை. அந்த மனிதர் பணம் வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஊர் சுற்றிக் காட்டும் வண்டிக்குப் பணம் கட்டாமல் போனோமே என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

திரும்பும் நாளுக்கு முந்தின இரவே பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வர். மறுநாள் உடுத்த வேண்டிய உடையையும் மருந்தையும் வெளியே எடுத்து வைக்காமல் பெட்டியைப் பூட்டியவர்கள், இரவு உடையோடு சென்னையில் இறங்கியதையும் பார்த்தோம். கணக்கை அன்றிரவே முடித்துவிட்டால் காலை வரிசையில் நிற்க வேண்டாம்.

இறுதியாக ஒன்று. கரையில் இறங்கியபின்னும் ஓரிரு நாள் தரை ஆடுவது போலவே தோன்றும். குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அது நோயன்று, தானே தணியும். ஆயினும் அந்த நிலையில் வண்டி ஓட்டலாகாது. போடி நிலையத்தில் இறங்கியதும் அப்படியே 17 வளைவுகளையும் ஏறித் தோட்டத்துக்குப் போகவும் வேண்டாம். நாங்கள் மூன்று நாள் பொட்டிபுரத்தை விட்டு அசையவில்லை. தாயார் மட்டும் மறுநாள் காலையே, பறிப்புக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்பில், மலைமேல் இருக்கும் பழைய தோழியரிடம் கதை சொல்ல ஏறிவிட்டார்.